வணிக வளாகத்துக்கு பார்க்கிங் வரைவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

வளாகம் கட்டுபவர் முதலில் கேட்பது "எத்தனை கார் நிற்கும்?" என்றுதான். அதற்குக் கடைசியில் பதில் சொல்லுங்கள். வண்டி எங்கே நுழையும், எப்படிச் சுற்றும், இறங்கியவர் எந்தப் பக்கமாக நடப்பார், எங்கே வெளியேறும் என்பதை முதலில் வரைந்துவிட்டு, மிஞ்சும் இடத்தில் கட்டம் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் தாளில் 120 கார் நிற்கும். கூட்ட நாளில் பாதி நிரம்புவதற்குள் கேட்டில் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும்.

ஒரு மனையை எடுத்துக்கொண்டு வரைந்தே பார்த்துவிடுவோம். சாலையோரம் 50 மீட்டர் அகலம், உள்ளே 64 மீட்டர் ஆழம், அதன் பின்னால் கடைக் கட்டடம். ஏ3 கிராஃப் தாளில் 1 செ.மீ.க்கு 2 மீட்டர் என்று வைத்தால் மொத்தமும் அடங்கிவிடும்.

படி 1: நடப்பவருக்கு முதல் கோடு

காரை நிறுத்தி இறங்கிய நொடியிலிருந்து அவர் பாதசாரி. கையில் பை இருக்கும், பக்கத்தில் குழந்தை இருக்கும். கட்டடத்தின் முக்கிய வாசலில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து சாலையை நோக்கி நேராகக் கோடு இழுங்கள். கார் வரிசைகளும் அந்தத் திசையிலேயே போகட்டும். வரிசைகளைக் கட்டடத்துக்கு இணையாக, குறுக்கே போட்டால் ஒவ்வொரு வரிசையையும் காருக்குக் காருக்கு நடுவே நுழைந்து நுழைந்துதான் கடக்க வேண்டும்.

படி 2: அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

காருக்கான கட்டம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். செங்குத்தாக, அதாவது 90 டிகிரியில் நிறுத்துவதானால் நடுவே வண்டி போக 6 மீட்டர் வழி வேண்டும். ஆக 5, 6, 5 என்று மொத்தம் 16 மீட்டர் ஒரு பட்டை. சுவரையோ தூணையோ ஒட்டிய கட்டத்துக்கு இன்னொரு 30 செ.மீ. சேர்க்காவிட்டால் கதவைத் திறக்க முடியாது. பைக்குக்கு 1 மீட்டருக்கு 2 மீட்டர் போதும். ஆனால் அதற்குத் தனி இடம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் கார் கட்டத்தில் ஒரே பைக் குறுக்கே நிற்கும். உள்ளூர் கட்டட விதியில் வேறு அளவு இருந்தால் அதுதான் செல்லும்.

சாய்வாகப் போட்டால் இடம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 டிகிரியில், 4.5 மீட்டர் ஒருவழியோடு பட்டை 15.7 மீட்டர், மிச்சம் வெறும் 30 செ.மீ. ஆனால் ஒவ்வொரு காரும் வழியோரமாக 2.5க்குப் பதில் 2.9 மீட்டரை விழுங்குகிறது. ஒரு காருக்கு 90 டிகிரியில் 20 சதுர மீட்டர், 60 டிகிரியில் ஏறக்குறைய 22.6. சாய்வின் லாபம் வேறு: ஒரே திருப்பில் உள்ளே விடலாம், எதிர்த் திசையில் யாரும் வர மாட்டார்கள். மளிகைக் கடை மாதிரி வண்டிகள் வந்து வந்து போகும் இடத்துக்குச் சாய்வு நல்லது. நம் மனைக்கு 90 டிகிரியே சரி. மூன்று பட்டை 48 மீட்டர், மீதி 2 மீட்டர் இரண்டு பட்டைகளுக்கு நடுவே நடைபாதைக்கு.

படி 3: சுற்று

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

வண்டிகள் இடப்பக்கம் ஓடும் ஊர் என்று வைத்துக்கொள்வோம் (வலப்பக்கம் என்றால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள்). சாலையில் வருபவருக்கு முதலில் உள்வழி வர வேண்டும், அதைத் தாண்டித்தான் வெளிவழி. மாறினால், வெளியே வரும் காரும் உள்ளே திரும்பும் காரும் சாலையிலேயே பின்னிக்கொள்ளும். எனவே கட்டடத்தைப் பார்த்து நின்றால் இடது மூலை உள்ளே, வலது மூலை வெளியே.

மூன்று பட்டைகளின் மேல் முனையிலும் (கட்டடத்தை ஒட்டி) கீழ் முனையிலும் (சாலையை ஒட்டி) 6 மீட்டர் குறுக்குவழி விடுங்கள். இப்போது அம்புக்குறிகள். இடது வழி கட்டடத்தை நோக்கி. மேல் குறுக்குவழி வலப்பக்கமாக. வலது வழி சாலையை நோக்கி இறங்குகிறது. கீழே வந்தவர் வெளியேறலாம். இடம் கிடைக்காதவர் கீழ் குறுக்குவழியில் திரும்பி, நடு வழியில் மறுபடி மேலே ஏறலாம். கீழ் குறுக்குவழி அந்த நடு வழியோடு நிற்கட்டும், உள்வழிக் கேட் வரை நீட்டாதீர்கள். இரண்டு பயன்: இடம் தேடிச் சுற்றுபவர் சாலைக்குப் போய்த் திரும்ப வேண்டாம், உள்ளே வருபவர்களின் வரிசையை யாரும் குறுக்கே வெட்டவும் மாட்டார்கள். முட்டுச்சந்தும் எங்கும் இல்லை. நிரம்பிய முட்டுச்சந்துக்குள் மாட்டிய கார் ரிவர்ஸில்தான் வெளிவர வேண்டும், பின்னால் இன்னொருவர் நுழைந்துவிட்டால் அதுவும் முடியாது.

படி 4: கேட்

ஒரு காருக்கு டோக்கன் கொடுத்து அனுப்ப 12 விநாடி ஆனால், ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 300 கார். வருவது 240தான் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வண்டிகள் சீராக வருவதில்லை, கும்பலாக வரும், வரிசை நிற்கும். வரிசையில் ஒரு காருக்கு 6 மீட்டர். எட்டு கார் நிற்க 48 மீட்டர், நம் மனையில் அது முக்கால்வாசி ஆழம்!

ஆகவே இடது வழியின் தொடக்கத்தில் இரு பக்கமும் ஐந்தைந்து கட்டங்களை அழித்துவிடுங்கள். சாலையோரம் குறுக்குவழி அளவுக்கு விட்ட 6 மீட்டரையும் சேர்த்து ஏறக்குறைய 19 மீட்டர் கிடைக்கும். இரண்டு கேட் பக்கம் பக்கமாக வைத்தால் ஆறு கார் சாலையை மறிக்காமல் நிற்கும். அங்கே கட்டம் இருந்தால் ரிவர்ஸ் எடுக்கும் ஒரே கார் மொத்த வரிசையையும் நிறுத்திவிடும். முடிந்தால் காசு வாங்குவதைக் கடைக்குள்ளேயே முடித்துவிடுவது இன்னும் மேல். பத்து கட்டம் போகிறதே என்று உரிமையாளர் முறைப்பார். முறைக்கட்டும்.

படி 5: இப்போது எண்ணுங்கள்

64 மீட்டரில் இரண்டு குறுக்குவழிக்கு 12, வரிசை முனைத் திட்டுகளுக்கு (வரிசையின் இரு முனையிலும் சற்று உயர்த்திய மேடை) 2 போக 50 மீட்டர். வரிசைக்கு 20, ஆறு வரிசைக்கு 120. கேட்டுக்குப் பத்து கழிந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு 3.6 மீட்டர் அகலத்தில் நான்கு கட்டம், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், சரிவு 50 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் போகாமல். ஆறு கட்டங்களின் இடத்தில் இவை அமையும், இரண்டு குறையும். மரம், விளக்குக் கம்பம், டிராலி நிறுத்தம் எல்லாம் போகக் கைக்கு நிற்பது 100ஐ ஒட்டி. மொத்த மனையையும் வகுத்தால் ஒரு காருக்கு 32 சதுர மீட்டர் என்பது நியாயமான கணக்குதான்.

படி 6: நடைபாதையைக் காப்பாற்றுங்கள்

மிஞ்சிய 2 மீட்டரை இரண்டு பட்டைகளுக்கு நடுவே வைத்தோம் அல்லவா? இரு பக்கமும் கார்கள் மூக்கை 60 செ.மீ. நீட்டினால் நடப்பவருக்கு மிஞ்சுவது 80 செ.மீ. டிராலி போகாது. கட்டத்தின் முனையிலிருந்து 75 செ.மீ. உள்ளே தள்ளிச் சக்கரத் தடுப்புக் கட்டை வையுங்கள். நடைபாதை மேல் குறுக்குவழியைக் கடக்கும் இடத்தில் தரையைச் சற்று உயர்த்தி ஜீப்ரா கோடு போடுங்கள். வளாகத்திலேயே ஆட்களும் வண்டியும் அதிகம் உரசிக்கொள்ளும் இடம் அதுதான். திருப்பங்களில் செடி முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது.

சரக்கு லாரிக்குக் கட்டடத்தின் பின்னால் தனி வழி. நடுத்தர லாரி திரும்பவே 12 முதல் 13 மீட்டர் ஆரம் கேட்கும். பின்வழிக்கு இடமே இல்லை என்றால் கடை திறப்பதற்கு முன் சரக்கை இறக்கிவிட வேண்டும்.

படி 7: சுண்ணாம்பு

பெயின்ட் அடிப்பதற்கு முன் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, பெரிய கார் ஒன்றை வரவழையுங்கள். ஓட்டுவதற்குக் கைதேர்ந்த டிரைவரைக் கூப்பிடாதீர்கள், சுமாராக ஓட்டுபவரைக் கூப்பிடுங்கள். மூன்று அடுத்தடுத்த கட்டங்களில் கார் நிற்கும்போது நடுக் காரின் இரு கதவையும் திறந்து பார்க்கட்டும். ஒவ்வொரு மூலையிலும் திரும்பட்டும். எங்கெல்லாம் டயர் சுண்ணாம்பை அழித்ததோ அங்கே திட்டின் முனையை இன்னும் வளைத்துப் போட்டு, அவரையே மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அழியாத கோட்டின் மேல் பெயின்ட் அடிக்கலாம்.