லாட கிட்னில கேன்சரா? ஆபரேஷனுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துக்கங்க

எங்க அப்பச்சிக்கு ரெண்டு கிட்னியும் கீழ்ப்பக்கம் ஒட்டிப் பொறந்திருக்குன்னு 68 வயசு வரைக்கும் யாருக்கும் தெரியாது, ஒன்னுக்குல ரத்தம் போனப்பதான் தெரிஞ்சுச்சு, கூடவே எடது பக்கம் கட்டியும். ஹார்ஸ்ஷூ கிட்னிம்பாங்க, லாட வடிவம். ஏறக்குறைய 500 பேருல ஒருத்தருக்கு இருக்கும், பலருக்கு அது பாட்டுக்கு இருக்கும், கேன்சர் வந்துட்டா கத வேற.

மொதல்ல ஸ்கேன். காரைக்குடில நாங்க எடுத்தது மருந்து ஏத்தாத ஸ்கேன், ரிப்போர்ட்டு ரெண்டே வரி, அத தூக்கிக்கிட்டு மதுரைக்குப் போனா டாக்டரு லைட்டுல வச்சுப் பாத்துட்டு கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு. கான்ட்ராஸ்ட்டுங்கற மருந்த ஊசில ஏத்தி ரத்தக்குழாய் தெரியுற மாதிரி எடுக்குற சிடி ஆஞ்சியோ ஸ்கேன் வேணும்னாரு. ஓபி சீட்டுக்குப் பின்னாடி பேனாவால ஒரு லாடம் வரஞ்சு, பெரிய குழாய்லேருந்து ஒரு கோடு, காலுக்குப் போற குழாய்லேருந்து ஒரு கோடு, நடுவுல ஒட்டுன எடத்துக்குத் தனியா ஒரு கோடுன்னு இழுத்துக் காமிச்சாரு. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி வருமாம். இது தெரியாம கத்தி வச்சா, பங்காளிக பிரிக்காத வீட்டுல ஒயரு எங்க போவுதுன்னு தெரியாம செவுத்த இடிச்ச மாதிரி ஆயிரும், அதான் பயம்.

கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட் பாத்துட்டுதான் கான்ட்ராஸ்ட் போடுவாங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்புட்டா முன்னாடியே சொல்லிருங்க. பிலிமோட வந்துறாம டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்க, டாக்டருக்கு அதான் வேணும்.

அப்புறம் கூச்சப்படாம கேளுங்க. கட்டி சிரைக்குள்ள ஏறிருக்கா? கிட்னி கேன்சருக்கு இந்தப் புத்தி உண்டு, ஐவிசிங்கற பெரிய சிரை வழியா இதயம் வரைக்கும் கூட வளரும், அவ்வளவு தூரம் போயிருந்தா ஹார்ட் சர்ஜனும் பைபாஸ் மெஷினும் உள்ள ஆஸ்பத்திரிதான். சிலருக்கு அந்த ஐவிசியே எடது பக்கமோ ரெண்டாவோ இருக்கும், அதையும் கேளுங்க. ஒட்டுன எடத்த எங்க வெட்டுவாங்க, மிச்சப் பாதி தாங்குமா? இதுக்கு டிடிபிஏ ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க, எந்தப் பக்கம் எவ்வளவு வேல செய்யுதுன்னு தெரியும்.

நுரையீரல், எலும்புன்னு பரவிருந்தா ஒடனே வெட்டுங்கன்னு அடம்புடிக்காதீங்க. 2018ல வந்த கார்மெனா ஆராய்ச்சில, பரவுன கேன்சருக்கு சுனிடினிப் மாத்திர மட்டும் சாப்புட்டவங்க, ஆபரேஷனும் பண்ணி மாத்திரயும் சாப்புட்டவங்கள விட மோசமாப் போகல. இப்ப இம்யூனோதெரபி ஊசியும் இருக்கு, நம்ம ஒடம்பு எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல ஏவி விடுறது. யாருக்கு மருந்து முதல்ல, யாருக்கு கத்தி முதல்லன்னு யூராலஜி (கிட்னி ஆபரேஷன் பண்றவங்க) டாக்டரும் ஆன்காலஜி (கேன்சர்) டாக்டரும் சேந்து உக்காந்து முடிவு பண்ணட்டும், ஒரே டாக்டரு பேச்சோட போயிறாதீங்க.

ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்புட்டா நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டுட்டு நிறுத்துங்க. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தா சேர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டர்ல அப்ரூவல் கேட்ருங்க, படுக்க வச்சுட்டு சான்றிதழுக்கு ஓடுறது கொடும. ரத்தம் குடுக்க ஆளையும் இப்பயே பேசி வைங்க, தேவைக்கு மேல ரெண்டு மூணு பேர சேத்தே பேசி வைங்க, எங்க வளவுலேருந்து ஆறு பேரு வேன் புடிச்சு வந்தாங்க, ரெண்டு பேர பிரஷர் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.