ஊட்டி, கொடைக்கானல்ல வீடு கட்டுறீங்களா? கணப்பு வைக்கிறதப் பத்தி பிளான் போடும்போதே முடிவு பண்ணிடுங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீடு கட்டுறவங்க முக்காவாசி பேருக்கு ஹால்ல ஒரு ஃபயர்பிளேஸ் வேணும்னு ஆசை இருக்கு. நியாயமான ஆசைதான், ஜனவரி ராத்திரில தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழுந்து பூஜ்ஜியத்துக்கும் கீழ போகும்போது அது ஆடம்பரம் கிடையாது. ஆனா பல வீட்ல நடக்கறது என்னன்னா, சுவரெல்லாம் எழும்பி ரூஃப் போடுற நேரத்துல, ஏதோ ஒரு படத்தக் காட்டி "இந்த மூலைல இப்படி ஒன்னு வெச்சுடுங்க"ன்னு மேஸ்திரிகிட்ட சொல்றது, அவரும் வெளிச்சுவர ஒட்டி ஒரு சிம்னிய ஏத்தி விட்டுடுவாரு, மொத தடவ பத்த வெச்சதும் புகை பூரா ஹாலுக்குள்ள வரும். அப்புறம் ரெண்டே வருஷத்துல அது பூந்தொட்டி வைக்கிற இடமா ஆயிடும். இந்த விஷயத்துல நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒன்னுதான்: மொதல்ல சிம்னி எங்க, எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்னு முடிவு பண்ணுங்க, கீழ என்ன மாடல் வைக்கிறதுங்கறத அப்புறம் பேசிக்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, உங்களுக்கு வேணுங்கறது நெருப்பு பாக்குற சுகமா, இல்ல ரூம் சூடாகறதா? ரெண்டும் வேற வேற. வெள்ளைக்காரங்க கட்டின பங்களாக்கள்ல இருக்கற மாதிரி தெறந்த ஃபயர்பிளேஸ்ல விறகோட சூட்டுல 10லருந்து 20 சதவீதம்தான் ரூமுக்குள்ள தங்கும், மிச்சம் சிம்னி வழியா வெளிய போயிடும், போறதோட விடாம ரூம்ல ஏற்கனவே இருக்கற வெதுவெதுப்பான காத்தையும் சேத்து இழுத்துட்டுப் போகும். அதனாலதான் நெருப்புக்கு முன்னாடி மொகம் சுடும், முதுகு குளிரும், பக்கத்து ரூம் முன்னவிட ஜில்லுன்னு ஆயிடும். கண்ணாடிக் கதவு போட்டு மூடின இரும்பு ஸ்டவ்ல நல்ல மாடலா இருந்தா 65லருந்து 80 சதவீதம் வரைக்கும் சூடு ரூமுக்குள்ள தங்கும்.

இத விறகுக் கணக்குல பாருங்க. நல்லா காஞ்ச விறகு ஒரு கிலோவுல சுமாரா 4 யூனிட் (கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்) சூடு இருக்கு. சாயந்திரம் ஆறு மணிலருந்து பத்து மணி வரைக்கும் 5 கிலோவாட் சூடு வேணும்னா மொத்தம் 20 யூனிட். மூடின ஸ்டவ்ல 7 கிலோ விறகுக்குள்ள முடிஞ்சிடும், தெறந்த கணப்புல அதே சூட்டுக்கு 33 கிலோ கிட்ட போடணும். தினமும் 33 கிலோ விறக யாரு வாங்குறது, யாரு பொளக்குறது, எங்க அடுக்குறது? தினம் அங்கயே குடியிருக்கப் போறவங்க, வயசானவங்க, குழந்தைங்க இருக்கற வீடுன்னா மூடின ஸ்டவ்வுதான் சரின்னு நான் தயங்காம சொல்லுவேன். லீவுக்கு மட்டும் வந்து போற வீடு, நாலு பேர் நெருப்பச் சுத்தி உக்காந்து பேசறதுதான் வேணும்னா தெறந்த ஃபயர்பிளேஸ் கட்டுங்க, ஆனா ஒழுங்கா கட்டுங்க.

ஒழுங்கான்னா எப்படி? 1796லயே கவுண்ட் ரம்ஃபோர்ட்ங்கற விஞ்ஞானி இதப் பத்தி எழுதி வெச்சுட்டாரு, இன்னிக்கும் அதுக்கு மேல பெருசா ஒன்னும் சொல்றதுக்கில்ல. அடுப்போட குழி ஆழமா இருக்கக்கூடாது, வாய் அகலத்துல மூணுல ஒரு பங்கு ஆழம் போதும், பின்சுவரும் அதே மூணுல ஒரு பங்கு அகலம், ரெண்டு பக்கச் சுவரும் முன்பக்கமா விரிஞ்சு சாய்வா வரணும், அப்பதான் சூடு ரூம் பக்கம் அடிக்கும். நம்ம ஊர்ல கட்டுறதப் பாத்தா பூஜை மாடம் மாதிரி நேரா உள்ள போற பெட்டியா கட்டிடறாங்க, சூடெல்லாம் உள்ளயே நின்னு மேல போயிடுது. அடுத்தது சிம்னியோட உள்குழாய். வாயோட பரப்புல பத்துல ஒரு பங்காவது இருக்கணும்ங்கறது பழைய கணக்கு. 30 அங்குல அகலம், 28 அங்குல உயரம் வாய்னா 840 சதுர அங்குலம், அப்ப குழாய் 84 சதுர அங்குலம், அதாவது 9க்கு ஒன்பதரை அங்குலம். ஆனா ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்கு சொச்சம்தான், காத்து லேசா இருந்தா சிம்னியோட இழுப்பும் கொறையும். அதனால இங்க எட்டுல ஒரு பங்குன்னு வெச்சுக்கறது நல்லது, 9க்கு 12 அங்குலம் விட்டா கவலையில்ல.

சிம்னிக்கு வருவோம். மொத விஷயம், முடிஞ்ச வரைக்கும் வீட்டுக்கு உள்பக்கமா ஏத்துங்க. வெளிச்சுவர்ல தனியா நிக்கிற சிம்னி ராத்திரி பூரா பனில ஊறி ஜில்லுன்னு இருக்கும், சூடான புகை உள்ள நுழைஞ்சதும் குளுந்து போய் மேல ஏறாம நிக்கும், அதோட தார் மாதிரி கரி உள்சுவர்ல படியும். வீட்டுக்கு நடுவுல போற சிம்னி எப்பவும் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும், மாடி ரூமுக்கும் கொஞ்சம் சூடு கெடைக்கும். உயரம், அடுப்புலருந்து உச்சி வரைக்கும் குறைஞ்சது 15 அடியாவது வேணும், நம்ம மலை உயரத்துக்கு இன்னும் ரெண்டு மூணு அடி கூடுதலா இருந்தா நல்லது. கூரைய விட்டு வெளிய வர்ற எடத்துல 3 அடி மேல நிக்கணும், அதச் சுத்தி 10 அடிக்குள்ள கூரையோட எந்தப் பகுதி இருந்தாலும் அதைவிட 2 அடி ஒசரமா இருக்கணும், இல்லன்னா காத்து கூரைல மோதி கீழ அமுக்கும்போது புகை திரும்பி வரும். சரிவுல கட்டுற வீடுங்க பாருங்க, மேல் பக்கம் மேடு இருந்தா அங்கிருந்து எறங்குற காத்தும் இதே வேலையக் காட்டும்.

சிம்னி மேல மழை மூடி கட்டாயம், ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் இங்க அடிக்கற மழை தெரியும்ல. மூடியச் சுத்தி கம்பி வலை போடுங்க, குருவி கூடு கட்டாம, குரங்கு எதையாவது உள்ள போடாம இருக்கும், தீப்பொறியும் வெளிய போகாது. வலை ரொம்ப நெருக்கமா இருந்தா கரி அடைச்சுக்கும், அரை அங்குலக் கண்ணு போதும்.

குழாய் எதுல போடுறதுங்கறதுல தயவு செஞ்சு காசு பாக்காதீங்க. பட்டறைல ஜி.ஐ. ஷீட்ட சுருட்டி குழாய் பண்ணித் தர்றேன்னு சொல்லுவாங்க, வேணாம், சூடு ஏறினா மேல இருக்கற துத்தநாகம் பொகையா வரும், அது நுரையீரலுக்கு கெடுதல், குழாயும் சீக்கிரம் ஓட்டையாயிடும். ஏ.சி. பைப்புன்னு சொல்ற ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயும் வேணாம், சூட்டுல வெடிச்சுடும். செங்கல் சிம்னின்னா உள்ள சுட்ட களிமண் குழாய் இறக்குங்க, ஸ்டவ்வுன்னா 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுலயும் கூரையத் தாண்டுற பகுதிக்கு நடுவுல இன்சுலேஷன் வெச்ச ரெட்டைச் சுவர் குழாய். ஒத்தைச் சுவர் குழாய்க்கும் மரச் சாமான், மர சீலிங்குக்கும் நடுவுல 18 அங்குலம் இடைவெளி விடணும், ரெட்டைச் சுவர் குழாய்க்கு 2 அங்குலம் போதும். மலைல நெறைய பேர் தகரக் கூரைக்கு கீழ மரப்பலகை சீலிங் அடிக்கறோம், அந்தப் பலகைய குழாய் தாண்டுற இடம்தான் வீடு பத்திக்கற இடம், அங்க நீங்களே நின்னு டேப் வெச்சு அளந்து பாருங்க. வளைவு வேணும்னா 45 டிகிரில ரெண்டு, அதுக்கு மேல வேணாம், படுக்கப் போட்ட குழாய் வேணவே வேணாம். சிம்னியோட அடில ஒரு சின்ன இரும்புக் கதவு விடச் சொல்லுங்க, கரி அள்ளறதுக்கு, அத மறந்துட்டு கட்டினா அப்புறம் சுவர ஒடைக்கணும்.

ஸ்டவ் எவ்வளவு பெருசு? கடைக்காரங்க எப்பவும் பெருசாதான் காட்டுவாங்க. கணக்கு சிம்பிள், ரூமோட கன அளவ மீட்டர்ல எடுத்து 14ஆல வகுத்தா கிலோவாட் வரும், நம்ம மலை வீடு மாதிரி ஒத்தைக் கண்ணாடி ஜன்னல், தகரக் கூரை, ஓட்டை சந்து இருந்தா 10ஆல வகுங்க. 15க்கு 14 அடி ஹால், 10 அடி ஒசரம்னா சுமாரா 60 கன மீட்டர், நல்லா மூடின வீட்ல 4 கிலோவாட் சொச்சம், மத்ததுல 6. இதுக்குப் போய் 12 கிலோவாட் வாங்கினா அரை மணி நேரத்துல வேர்த்துடும், உடனே காத்து வழிய மூடி நெருப்ப அமுக்குவீங்க, அமுங்கின நெருப்பு புகையும், கண்ணாடி கறுக்கும், சிம்னில தார் படியும், அந்தத் தார் ஒருநாள் தீப்பிடிக்கும். சின்ன ஸ்டவ்ல நல்லா சுடர் விட்டு எரியறதுதான் சுத்தமான நெருப்பு.

வார்ப்பிரும்பா ஸ்டீல் தகடான்னா, வார்ப்பிரும்பு சூடாக நேரம் எடுக்கும், அணைஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் சூடு தரும், தகடு சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறும். சாயந்திரம் ரெண்டு மணி நேரம் மட்டும்னா தகடு, ராத்திரி பூரா வேணும்னா வார்ப்பிரும்பு. நார்வேயோட யோட்டுல், டென்மார்க்கோட மோர்சோ ரெண்டும் 1853லருந்து இதச் செய்யறவங்க, தரம் அருமை, ஆனா இங்க கதவு ஓரத்துல காத்து கசியாம அடைக்கற கயிறு, கண்ணாடி, உள்ள இருக்கற கல்லு இதுக்கெல்லாம் ஸ்பேர் யாரு தருவாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க. காஷ்மீர், ஹிமாச்சல் பக்கம் புகாரின்னு விக்கற தகர ஸ்டவ் வெலை கம்மி, பலதுல கண்ணாடி இருக்காது, தகடு மெலிசு, தகடு கனம் 4, 5 மில்லிமீட்டர் இருந்தா யோசிக்கலாம். கடைல ஒரு சின்ன சோதனை பண்ணுங்க, ஒரு ரூபா நோட்ட கதவுல வெச்சு மூடி இழுத்துப் பாருங்க, நாலு பக்கமும் பிடிச்சு வரணும், எங்கயாவது சும்மா உருவிட்டு வந்தா அங்க காத்து கசியும், அந்த ஸ்டவ்வ உங்களால கட்டுப்படுத்த முடியாது. கீழ ஒரு காத்து வழி, கண்ணாடிக்கு மேலருந்து எறங்குற மாதிரி இன்னொரு காத்து வழி, ரெண்டும் தனித்தனியா இருக்கணும், மேல் காத்துதான் புகையவே எரிய வெச்சு கண்ணாடியையும் சுத்தமா வெச்சுக்கும்.

தரைல மரம் ஒட்டப் போறீங்கன்னா அடுப்பு வாய்க்கு முன்னாடி 16 அங்குலம், ரெண்டு பக்கமும் 8 அங்குலமாவது கல்லு போடுங்க, வாய் பெருசா இருந்தா 20, 12. உள்பக்கம் ஃபயர் பிரிக், ஃபயர் கிளே கலவைதான், சாதா சிமென்ட் கலவை சூட்டுல உதிர்ந்துடும். கட்டி ஒரு மாசம் காய விட்டு, மொத நாலஞ்சு தடவ சுள்ளி மட்டும் போட்டு சின்ன நெருப்பா எரிங்க.

காத்து உள்ள வர வழி வேணும். ஜன்னல் எல்லாத்தையும் இறுக்கமா போட்டுட்டு கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன ஓட்டினீங்கன்னா அது சிம்னி வழியாதான் காத்த இழுக்கும், புகை உள்ள வரும். ஸ்டவ்வுக்குப் பின்னாடி தரைல ஒரு 4 அங்குலக் குழாய வெளில வரைக்கும் இப்பவே பொதைச்சு விடுங்க, பின்னாடி பண்ண முடியாது. அதோட கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்னு ஹால்ல, ஒன்னு படுக்கற ரூம்ல. அந்த வாயுவுக்கு நெறமும் இல்ல வாசனையும் இல்ல. சிம்னி இல்லாத ரூம்ல கரி அடுப்ப வெச்சுட்டு தூங்கி எந்திரிக்காமலே போனவங்க செய்தி மலைல வந்துட்டுதான் இருக்கு, தயவு செஞ்சு அத யாரும் செய்யாதீங்க, விருந்தாளிங்களையும் செய்ய விடாதீங்க.

கடைசியா விறகு, இது சரியில்லன்னா மேல சொன்னது அத்தனையும் வீண். வெட்டின பச்சை மரத்துல கிட்டத்தட்ட பாதி எடை தண்ணிதான், அந்தத் தண்ணிய ஆவியாக்கவே கொஞ்சம் சூடு வீணாயிடும், நெருப்பும் புகைஞ்சுட்டேதான் இருக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ எறங்கணும், ஈரம் பாக்குற சின்ன மீட்டர் ஆன்லைன்ல கெடைக்குது, கட்டைய புதுசாப் பொளந்து உள்பக்கத்துல வெச்சுப் பாக்கணும். மீட்டர் இல்லன்னா ரெண்டு கட்டைய ஒன்னோட ஒன்னு தட்டுங்க, காஞ்சதுன்னா டங்குன்னு கேக்கும், ஈரம்னா சத்தம் அமுங்கும், வெட்டின முகத்துல வெடிப்பு ஓடியிருக்கணும். மலைல சீகை (வாட்டில்) மரம் நல்ல விறகு, கனமா இருக்கும், நின்னு எரியும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சூடு தரும், ஆனா பச்சையா இருக்கும்போதே பொளந்துடணும், காஞ்சப்புறம் கோடாலிய வாங்காது. சில்வர் ஓக் சீக்கிரம் எரிஞ்சிடும், பைன் பத்த வைக்க மட்டும். சமவெளிலருந்து சவுக்கு கெடைச்சா விடாதீங்க. ஜனவரில பொளந்து, மே வரைக்கும் வெயில்ல அடுக்கி, மழை தொடங்கறதுக்குள்ள கூரை போட்டு பக்கம் தெறந்த கொட்டகைல ஏத்திடுங்க, அடுத்த டிசம்பருக்கு ரெடி. அந்தக் கொட்டகைக்கும் பிளான்ல இடம் விடுங்க, ஒரு வருஷ விறகு நீங்க நெனைக்கறதவிட நெறைய எடம் பிடிக்கும். உங்க எடத்து மரமா இருந்தாலும் அனுமதி இல்லாம வெட்டாதீங்க, மலைப்பகுதி மரங்களுக்குன்னே 1955லருந்து தனிச் சட்டம் இருக்கு. ப்ளைவுட், பெயின்ட் அடிச்ச மரம், மருந்து ஏத்தின கம்பம் இதெல்லாம் எரிக்கவே கூடாது.

வருஷத்துக்கு ஒருக்கா, நவம்பர் மழை விட்டதும் சிம்னிய பிரஷ் விட்டு தேய்ங்க, கரி 3 மில்லிமீட்டர் கனம் ஏறியிருந்தா காத்திருக்காதீங்க. சாம்பல மூடி போட்ட இரும்பு வாளில அள்ளி வீட்டுக்கு வெளிய வைங்க, உள்ள கங்கு ரெண்டு மூணு நாள் கூட உயிரோட இருக்கும், பிளாஸ்டிக் கூடைல கொட்டாதீங்க. ஆறினப்புறம் முட்டைகோஸ், பீட்ரூட் பாத்திக்கு கொஞ்சம் கொஞ்சமா தூவலாம், நம்ம மலை மண்ணோட புளிப்பக் கொறைக்கும், தேயிலைக்கு மட்டும் போடாதீங்க, அதுக்கு அந்தப் புளிப்பு மண்ணுதான் வேணும்.