காதுச் சொட்டு மருந்து: ஊற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பங்குனி, சித்திரை வெயிலில் மேலூர், அலங்காநல்லூர் பக்கத்துப் பாசனக் கிணறுகளில் பிள்ளைகள் பொழுதெல்லாம் குதித்து நீந்துகிறார்கள். அதன் பிறகு காதுவலி என்று அழும்போது, பக்கத்து மெடிக்கலில் ஏதாவது ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவது மதுரை வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, ஆன்டிபயாடிக் சொட்டு காதைச் செவிடாக்கிவிடும் என்று கேள்விப்பட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்ததையும் ஊற்றாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. எல்லாச் சொட்டு மருந்துகளையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இவ்விரண்டும் நடக்கின்றன. செவிப்பறை முழுமையாக இருக்கிறதா, குப்பிக்குள் இருப்பது எந்த மருந்து என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சொட்டு அந்தக் காதுக்குப் பாதுகாப்பானதா என்று சொல்ல முடியும்.

செவிப்பறை முழுமையாக இருந்தால், ஊற்றிய மருந்து வெளிக்குழாயிலேயே நின்றுவிடுகிறது. இரத்தத்தில் கலப்பதும் மிகக் குறைவு. பறையில் துளை இருந்தால் மருந்து நடுக்காதுக்குள் இறங்குகிறது, அங்கிருந்து உள்காதின் வாயிலில் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாண்டிச் செல்லவும் வாய்ப்பு உண்டு. உள்காதில்தான் ஒலியை உணரும் மயிரணுக்களும், உடல் நிலைதவறாமல் காக்கும் உறுப்பும் இருக்கின்றன. மனிதருக்கு அந்த மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே குப்பியின் பெட்டியைத் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். ஜென்டாமைசின், நியோமைசின், டோப்ராமைசின், ஃப்ராமைசெட்டின் ஆகியவை அமினோகிளைகோசைடு வகையைச் சேர்ந்தவை. செவிப்பறை முழுமையாக உள்ள காதில் இவை நன்றாகவே வேலை செய்யும். துளை உள்ள காதில் கேட்கும் திறனையோ உடலின் சமநிலையையோ கெடுக்கக்கூடும். சீழ் வடியும் காதில் உள்காதின் வாயிலில் உள்ள சவ்வு வீங்கித் தடித்து, மருந்தை எளிதில் உள்ளே விடாது என்பதால், வேறு வழியில்லாதபோது மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் இவற்றை எழுதுவதுண்டு. சீழ் நின்ற பிறகும் நாமாகத் தொடர்ந்து ஊற்றுவதுதான் கூடுதல் ஆபத்து. நியோமைசின் சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும். மருந்து ஊற்ற ஊற்ற அரிப்பும் சிவப்பும் கூடினால், நோய் முற்றுகிறது என்று முடிவுகட்டுவதற்கு முன் மருந்தையே சந்தேகிக்க வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் என்னும் இரண்டும் குவினோலோன் வகை. இவை உள்காதைக் கெடுப்பதாக அறியப்படவில்லை என்பதால், துளை உள்ள காதுக்கு மருத்துவர்கள் முதலில் எடுப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். இதே மருந்தின் மாத்திரைகளுக்குத் தசைநாண் பாதிப்பு பற்றிய எச்சரிக்கை இருப்பதை அறிந்து பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆனால் சில துளி மருந்திலிருந்து இரத்தத்தில் சேரும் அளவு மிகச் சொற்பம், அந்த அச்சத்தைச் சொட்டு மருந்துக்கு அப்படியே பொருத்த வேண்டியதில்லை. அதற்காக எந்தச் சொட்டையும் வாரக்கணக்கில் நீட்டவும் கூடாது. பாக்டீரியா ஒழிந்த ஈரக் காதில் பூஞ்சை எளிதில் வளரும், அதன் பிறகு அரிப்புடன் புதிய தொல்லை தொடங்கும்.

செவிப்பறையில் துளை உண்டா என்பதை ஓட்டோஸ்கோப் கருவியால் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும், எனினும் வீட்டிலேயே சில குறிகள் தெரியும். கடுமையாக வலித்த காது திடீரென வலி தணிந்து சீழ் வடிந்தால், பறை கிழிந்திருக்கலாம். காதில் ஊற்றிய மருந்து தொண்டையில் கசந்தாலோ, மூக்கைச் சிந்தும்போது காது வழியே காற்று வெளியேறினாலோ, துளை இருப்பதாகவே எண்ணி நடக்க வேண்டும். வடிவது கோழைபோல் நூலாக இழுபட்டால் அது நடுக்காதிலிருந்து வருகிறது. வெளிக்குழாயில் கோழை சுரப்பதில்லை. மடலை இழுத்தாலோ, காதின் வெளிவாயின் முன்னால் மூடிபோல் நிற்கும் சிறு குருத்தை அழுத்தினாலோ வலி கூடினால், பெரும்பாலும் வெளிக்குழாயின் தொற்றுதான், கிணற்றுக் குளியலுக்குப் பின் வருவது பெரும்பாலும் இதுவே. சளியோடும் காய்ச்சலோடும் குழந்தைக்கு நடுக்காதில் வலி வந்து, பறை கிழியாமல் இருந்தால், ஆன்டிபயாடிக் சொட்டு தொற்று இருக்கும் இடத்தை எட்டாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு, ஊற்றும் முறையும் முக்கியம். குப்பியைச் சில நிமிடம் உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த மருந்து உள்ளே போனால் தலை சுற்றும், அதைக் கண்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். வெளியே வழிந்திருக்கும் சீழைச் சுத்தமான பஞ்சால் ஒற்றியெடுங்கள், பட்ஸை உள்ளே விடாதீர்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பெரியவர் என்றால் மடலை மேலும் பின்னுமாகவும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் கீழும் பின்னுமாகவும் மெல்ல இழுத்துப் பிடித்து, குப்பியின் முனை காதில் படாமல் சொன்ன துளிகளை மட்டும் விடுங்கள். பிறகு முன்குருத்தை நான்கைந்து முறை அழுத்தி விட்டால் மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைத்துத் தண்ணீரைத் தடுக்க வேண்டும், காது குணமாகும் வரை கிணற்றையும் கண்மாயையும் விட்டு விலகியிருக்கட்டும்.

காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் ஆகியவற்றைச் சீழ் வடியும் காதில் ஊற்றுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். காதுக் குறும்பியைக் கரைக்க விற்கும் சொட்டுகளும் துளை உள்ள காதுக்கு ஆகாது. திறந்த குப்பியை ஒரு மாதத்துக்குள் எறிந்துவிட வேண்டும், மிச்சத்தை வீட்டில் அடுத்தவர் காதுக்கு எடுத்து வைக்கக் கூடாது. காதுக்கென்று மட்டும் குறித்த மருந்தைக் கண்ணில் விடவே கூடாது.

மருந்து ஊற்றத் தொடங்கிய பின் காது புதிதாக மந்தமானாலோ, இரைச்சல் கேட்டாலோ, நடக்கையில் தள்ளாடினாலோ அன்றே நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு மூன்று நாளில் வலி குறையத் தொடங்காவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். காதின் பின்புறம் வீங்கி மடல் முன்னே தள்ளியிருத்தல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கடும் காய்ச்சலுடன் தலைவலி, சர்க்கரை நோய் உள்ள முதியவருக்கு இரவெல்லாம் தூங்கவிடாத காதுவலி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் சொட்டு மருந்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அரசு இராஜாஜி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கோ அருகிலுள்ள நிபுணரிடமோ உடனே அழைத்துச் செல்லுங்கள், இரவாக இருந்தால் அவசரப் பிரிவுக்கு. அதுவரை ஊற்றிய குப்பியைப் பெட்டியோடு கையில் கொண்டுபோங்கள்.