கெடிலக்கரையில் ஒரு மாலை நடை

கடலூரைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் கடற்கரையில் தொடங்கி ஊருக்குள் திரும்புகிறார்கள். அதை மாற்றி, கெடிலம் ஆறு ஓடும் திசையிலேயே, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தேவனாம்பட்டினம் வரை நடக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. ஊரின் காலவரிசையும் அப்படித்தான் மேற்கிலிருந்து கிழக்காக இறங்குகிறது. தூரம் நான்கு கிலோமீட்டர் அளவில் இருக்கும். தை, மாசி மாதங்களில் மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் வெயில் முதுகில் விழும், கடற்காற்று எதிரே வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றங்கரை நடை வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூரின் பாடலீசுவரர் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளூரார் திருப்பாப்புலியூர் என்று சுருக்கிவிட்ட பெயருக்குள் தலமரமான பாதிரியும், இங்கே வழிபட்டதாகச் சொல்லப்படும் புலிக்கால் முனிவரும் இருக்கிறார்கள். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரைப் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது, அந்தக் கல்லே தெப்பமாகி அவரை இவ்வூர்ப் பக்கம் கரைசேர்த்தது என்பது மரபு. அவர் இத்தலத்துப் பதிகத்தில் ‘தோன்றாத் துணை’ என்று பாடியதால் இறைவனுக்குத் தோன்றாத்துணைநாதர் என்ற பெயரும் உண்டு. கரையேறிய இடமாகக் காட்டப்படும் கரையேறவிட்டகுப்பம் கடலோரத்தில் இல்லை, ஆற்றோரத்தில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாலத்தில் நிற்கும்போது ஆற்றைப் பார்க்கும் பார்வையே வேறாகும்.

பாலத்தைக் கடந்தால் மஞ்சக்குப்பம். பழைய ஆட்சியர் அலுவலகமும் மைதானமும் அகலச் சாலைகளுமாக இது கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்து ஊர் என்பது சொல்லாமலே தெரியும். தேநீர் குடித்துவிட்டுக் கிழக்கே நடையைக் கட்டலாம்.

தேவனாம்பட்டினத்தில் முழுக் கோட்டையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். புனித டேவிட் கோட்டையில் எஞ்சியிருப்பவை சிதைந்த செங்கல் சுவர்கள்தாம். கதை தெரியாமல் போனால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடம் 1690இல் ஆங்கிலேயர் இதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்ந்ததே பேரம். அதற்கென்றே சென்னையிலிருந்து பெரிய பீரங்கியை வரவழைத்துச் சுட்டார்கள். எந்தப் பீரங்கி என்று விற்றவர்கள் முன்கூட்டியே கேட்டிருக்கலாம். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன. கடலூரும் அவற்றோடு போயிற்று. சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்கு இதுவே தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கைப்பற்றி இடித்தது.

சுவரை நெருங்கிப் பாருங்கள்: உப்புக்காற்று செங்கல்லை அரித்துக் குழியாக்கியிருக்க, இடையிலுள்ள சுண்ணாம்புக் காரை மட்டும் விளிம்பாகத் துருத்தி நிற்கும். அடைத்த வளாகமாக இருந்தால் அனுமதி கேட்ட பிறகே நுழையுங்கள். சுவர்மேல் ஏற வேண்டாம். பிறகு, நடந்து வந்த திசையைத் திரும்பிப் பார்த்து, அந்தக் குண்டு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடலூரின் பழைய நகரமான முதுநகரை இதே நாளில் சேர்க்காதீர்கள். உப்பனாற்றங்கரைக்கும் துறைமுகத்துக்கும் தனியாக ஒரு காலைப்பொழுது வேண்டும். இருட்டுவதற்குள் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்கு (சில்வர் பீச்) வந்துவிட்டால், திரும்ப ஆட்டோ கிடைக்கும்.