பழைய கௌபாய் படங்களை இன்றைய டிவியில் சரியாகப் பார்ப்பது எப்படி?

அப்பா தியேட்டரில் பார்த்து ரசித்த 'மெக்கன்னாஸ் கோல்ட்' (1969) படத்தை வீட்டில் மறுபடி போட்டபோது, பள்ளத்தாக்கின் இரு ஓரங்களும் திரைக்கு வெளியே போயிருந்தன. டிவி செட்டிங்ஸை மாற்றியதும் சரியாகிவிட்டது. கௌபாய் படத்தில் நிலமும் ஒரு நடிகர்தான். அதை வெட்டினால் பாதிப் படம் போய்விடும்.

படி 1: செட்டிங்ஸில் 'மோஷன்' என்று வருவதையெல்லாம் அணைத்துவிடுங்கள். இவை விநாடிக்கு 24 பிரேம்களில் எடுத்த படத்தை மெகாசீரியல் போல வழவழப்பாக்கிவிடும். 'பிலிம்மேக்கர் மோட்' (படத்தை எடுத்தபடியே காட்டும் அமைப்பு) இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வையுங்கள்.

படி 2: படத்தின் வடிவம். பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். 'ஸ்டேஜ்கோச்' (1939), 'ஹை நூன்' (1952) போன்ற படங்களும், 1955 முதல் 1975 வரை ஓடிய 'கன்ஸ்மோக்' தொடரும் ஏறக்குறைய சதுரமான திரைக்காக எடுத்தவை. இருபக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். திரையை நிரப்ப இழுத்தால், 6 அடி 7 அங்குல உயரமுள்ள 'கன்ஸ்மோக்' நாயகன் ஜேம்ஸ் ஆர்னெஸ் குள்ளமாகிவிடுவார். ஜூம் செய்தால் தொப்பி காணாமல் போகும்.

படத்தின் வடிவத்தை மாற்றும் அமைப்பு டிவியிலும் இருக்கும், செட்டாப் பாக்ஸிலும் இருக்கும். பாக்ஸ் ஏற்கெனவே பட்டை வைத்து அனுப்புவதை டிவி மறுபடி 4:3 (அந்தப் பழைய சதுர வடிவம்) ஆக்கினால் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள். அதனால் டிவியை 16:9-இல் (இன்றைய டிவியின் அகல வடிவம்) வைத்துவிட்டு, பாக்ஸில் மட்டும் 'ஒரிஜினல்' தேர்ந்தெடுங்கள். சரியா என்று பார்க்க, கோச்சு வண்டி பக்கவாட்டில் தெரியும் காட்சியில் நிறுத்தி, சக்கரத்தை ஸ்கேலால் உயரமும் அகலமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் முடிந்தது வேலை. வண்டி சாய்வாகத் திரும்பும் காட்சி இதற்கு உதவாது.

படி 3: செர்ஜியோ லியோனியின் இத்தாலியப் படங்கள் மிக அகலமானவை. மேலும் கீழும் பட்டை வரும், விட்டுவிடுங்கள். துப்பாக்கிச் சண்டைக்கு முன் அவர் ஆட்களைத் திரையின் இரு ஓரங்களிலும் நிறுத்துவார். ஜூம் செய்தால் ஒருவர் போய்விடுவார். உதடும் குரலும் ஒட்டாததற்காக ஆடியோ செட்டிங்கைத் திருகாதீர்கள். நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடிக்க, குரலைப் பிறகு சேர்த்தார்கள். நான் ஆங்கிலத்தில்தான் பார்ப்பேன். இவற்றில் சிலவற்றின் நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் சொந்தக் குரல் அதில்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது ப்ளூ-ரே டிஸ்க். சானலில் வரும்போது படத்தையே வெட்டி ஒளிபரப்பினால் நம் பக்கம் செய்ய ஒன்றுமில்லை.

பின்சேர்க்கை: 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வொன்' (1962) படத்தில் செங்குத்தாக இரண்டு கோடுகள் தெரிவதாக ஒரு வாசகர் கேட்டிருந்தார். டிவி பழுதில்லை. சினெராமா முறையில் மூன்று பிலிம்களில் எடுத்து அருகருகே ஓட்டிய படம் அது. கோடுகள் அந்த இணைப்புகள். 2008-இல் வந்த ப்ளூ-ரேயில் அவற்றைப் பெரும்பாலும் மறைத்துவிட்டார்கள், அதை வாங்குங்கள்.