மின்வேதியியலில் பிஎச்.டி. முடிக்கிற நேரம்: வேலையை எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

ஆய்வேடு பாதி எழுதியாச்சு, கைடு "வைவா (வாய்மொழித் தேர்வு) முடியட்டும், பார்ப்போம்" என்கிறார், வீட்டில் "எப்பதான் சம்பளம் வாங்குவ?" என்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் அபிஷேகப்பட்டியிலோ பாளையங்கோட்டையிலோ ஆய்வு செய்கிற நம் பிள்ளைகள் பலர் வைவா முடிந்த பிறகுதான் தேடவே ஆரம்பிக்கிறார்கள். அது தாமதம். ஒரு வருடம் முன்பே ஆரம்பியுங்கள், ஏனென்றால் பெரிய போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப்பணி) திட்டங்களில் விண்ணப்பித்து, முடிவு வந்து, விசா எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் அவ்வளவு காலம் ஓடிவிடும்.

முதலில் பயோடேட்டாவை மாற்றுங்கள். "சூப்பர்கெபாசிட்டருக்கான நிக்கல் கோபால்ட் ஆக்சைடு" என்று தலைப்பு வைத்திருப்பவர்கள் ஏராளம், அதைப் படித்து யாரும் உங்களைக் கூப்பிடப் போவதில்லை. எதை அளக்கத் தெரியும், அளந்ததை எப்படி நம்பலாம் என்று சொல்லத் தெரியுமா, அதைத்தான் ஆள் எடுப்பவர் பார்ப்பார். ஓர் உதாரணம்: அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் வெளியேற்ற வினையை அளக்கும்போது துணை மின்முனையாக (கவுன்டர் எலக்ட்ரோடாக) பிளாட்டினம் கம்பி போட்டிருந்தீர்கள் என்றால், பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உங்கள் வினையூக்கி மேலேயே படியலாம், நேரம் ஆக ஆகச் செயல்திறன் கூடிக்கொண்டே போகிறது என்று நீங்கள் பேப்பரில் எழுதியது பிளாட்டினத்தின் வேலையாகக்கூட இருக்கலாம். நேர்காணலில் இந்தக் கேள்வி வரும். கிராஃபைட் தண்டு வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்து அந்த வரைபடத்தைக் கையில் வைத்திருங்கள். இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) அளவீடும் அப்படித்தான். சாஃப்ட்வேர் பொருத்திக் கொடுத்த மின்சுற்றில் ஒவ்வொரு உறுப்பும் நிஜத்தில் எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் அந்தப் படத்தைக் காட்டாமல் இருப்பதே நல்லது. கார மின்பகுளியில் எந்த ஒப்பீட்டு மின்முனை, அதை எப்படி அளவுத்திருத்தம் செய்தீர்கள், கரைசலின் மின்தடைக்குத் திருத்தம் போட்டீர்களா, இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் குறைவு.

சரி, எங்கே தேடுவது? காரைக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்திலும் தூத்துக்குடியிலும்கூடப் பிரிவுகள் உண்டு. அங்கே புராஜெக்ட் வேலைகளுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023இல் உயர்த்திய விகிதப்படி பிஎச்.டி. முடித்தவர்களுக்கான ரிசர்ச் அசோசியேட் பதவிக்கு மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை, வீட்டு வாடகைப்படி தனி.

எல்லோரும் பேட்டரி பேட்டரி என்று ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் அரிமானத்தை விடாதீர்கள். உப்புக்காற்று அடிக்கிற நம் கடலோரத்தில் துறைமுகம், பாலம், அணுமின் நிலையம் எல்லாவற்றுக்கும் துருதான் எதிரி, 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே பாலிசிலாக்சேன் பூச்சு அடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் குளோர்-ஆல்கலி. தூத்துக்குடி உப்பை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிற ஆலை சாகுபுரத்தில் இருக்கிறது. சவ்வு மின்கலத்துக்குள் போகிற உப்புக்கரைசலில் கால்சியம், மக்னீசியம் கோடியில் ஓரிரு பங்கு இருந்தாலே சவ்வு கெடும், இதையெல்லாம் கவனிக்க ஆள் தேவை. தூத்துக்குடி துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக்கும் திட்டமும் நடக்கிறது, மின்னாற்பகுப்பி, அதாவது தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவி பற்றி ஆய்வு செய்தவர்கள் அதைக் கவனியுங்கள். நாகர்கோவில் தாண்டிப் போனால் திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் மையம், அங்கே லித்தியம் அயனி மின்கலங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

உள்நாட்டில் சொந்தமாக ஆய்வு நடத்த நினைத்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேகல்டி உதவித்தொகை: மாதம் 1,25,000 ரூபாய், ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு நிதி, 5 ஆண்டு. பொதுப்பிரிவில் வயது வரம்பு 32 என்பதால் பிஎச்.டி.யை இழுத்தடித்தவர்களுக்குக் கஷ்டம்.

வெளிநாடு என்றால் ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் பார்க்கலாம், விண்ணப்பத் தேதி வழக்கமாகச் செப்டம்பரில் முடியும். பிஎச்.டி. முடித்து 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், போகப்போகிற நாட்டில் கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. திருநெல்வேலியை விட்டு நகராதவர்களுக்கு இந்த விதியால் தொந்தரவே இல்லை. இதற்கும் ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கும் அங்குள்ள ஒரு பேராசிரியர் உங்களை ஏற்க ஒப்புக்கொள்ள வேண்டும், அதனால் மெயில் எழுதத் தெரிய வேண்டும். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். அவருடைய சமீபத்திய பேப்பர் ஒன்றை முழுசாகப் படித்து, அதில் விடுபட்ட ஓர் அளவீட்டைப் பிடித்து, அதை நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று நாலு வரியில் எழுதுங்கள். உங்கள் வரைபடம் ஒன்றை இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள்.

கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே பேப்பர் எண்ணிக்கையைப் பெரிதாக மதிக்க மாட்டார்கள். காயின் செல்லில் (நாணய வடிவச் சின்ன மின்கலத்தில்) கிடைத்தது பெரிய செல்லில் ஏன் கிடைக்கவில்லை, மின்முனையில் ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை மில்லிகிராம் பூசினீர்கள், எத்தனை சுழற்சி தாங்கியது என்றுதான் கேட்பார்கள். உங்கள் எண் சின்னதாக இருந்தால் அதை அப்படியே சொல்லி, ஏன் சின்னது என்பதையும் சொல்லுங்கள்.