ரோட்டு மீட்டரிலிருந்து வீடு வரை: தண்ணீர்க் கசிவைக் கைப்பேசியில் கண்காணிக்கும் முறை

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களின் ஓரத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்பவர்களின் குழாய் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மீட்டர் ரோட்டோரத்தில் இருக்கும். அங்கிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் கருப்பு பாலி பைப் செம்பனை மரங்களுக்கு இடையே மண்ணுக்கடியில் வந்து வீட்டுத் தொட்டியில் ஏறும். ஒரு கிளை ஆட்டுக்கொட்டகைக்கு, இன்னொன்று காய்கறிப் பாத்திக்கு. மீட்டருக்கு இந்தப் பக்கம் எது ஒழுகினாலும் அந்தத் தண்ணீருக்கு நாம்தான் பில் கட்ட வேண்டும்.

காட்டுப்பன்றி கிளறுகிறது, பழக்குலை ஏற்ற வரும் லாரி மேலே ஏறுகிறது, புல் வெட்டும் மெஷின் வெளியே தெரியும் பைப்பைக் கிழிக்கிறது. அதைவிட மோசம், மண்ணுக்குள் தளர்ந்து போகும் இணைப்பு. அந்தத் தண்ணீர் மேலே வராமல் பக்கத்துக் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கிவிடும். 2 பார் அழுத்தத்தில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று நாளொன்றுக்கு 3,000 லிட்டருக்கு மேல் வெளியேற்றும். ஈரம் கண்ணில் படும் வரை காத்திருந்தால் அதற்குள் ஒரு மாத பில் வந்துவிடும்.

இந்தக் கண்காணிப்பு முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: ஒரு நாளில் மீட்டர் எப்போதாவது முழுதாக நிற்கிறதா? எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பது விருந்தாளி வந்தால் மாறும், துணி துவைக்கும் நாளில் மாறும். ஆனால் கசிவில்லாத வீட்டில் நள்ளிரவுக்குப் பிறகு அரை மணி நேரமாவது ஓட்டம் பூஜ்யமாக இருக்கும். பூஜ்யமே வராவிட்டால் எங்கோ கசிகிறது. ஆகவே வாங்கும் மீட்டர் சிறிய ஓட்டத்தையும் உணர வேண்டும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மீட்டரைத் தேர்ந்தெடுப்பது

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒய்.எஃப்.-எஸ் 201 பிளாஸ்டிக் சென்சரைத்தான் பலர் முதலில் வாங்குகிறார்கள். அது நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரைக்கும் செய்யப்பட்டது. டாய்லெட் ஃபிளஷ் டேங்க் ரப்பர் தேய்ந்து நிமிடத்துக்கு 0.2 லிட்டர் ஒழுகினால் நாளைக்கு 288 லிட்டர் போகும், ஆனால் அந்தச் சென்சரின் சக்கரம் அசையவே அசையாது. பைப் உடைந்தால் காட்டிக்கொடுக்கும், கசிவைக் காட்டாது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

வாங்க வேண்டியது பல்ஸ் வெளியீடு (குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடும்போதெல்லாம் ஒரு மின் துடிப்பு) உள்ள மல்டி ஜெட் (பல துளை வழியாக வரும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும்) பித்தளை மீட்டர். இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, ஒரு லிட்டருக்கு ஒரு பல்ஸ் தருகிறதா? பத்து லிட்டருக்கு ஒரு பல்ஸ் தரும் மீட்டரில் சிறிய கசிவு பூஜ்யம் போலவே தெரியும். இரண்டாவது, முகப்பில் ‘ஆர்’ என்ற எழுத்துக்குப் பின்னால் உள்ள எண். 15 மி.மீ. மீட்டரின் நிலையான ஓட்டம் பொதுவாக மணிக்கு 2.5 கன மீட்டர். அதை ‘ஆர்’ எண்ணால் வகுத்தால், துல்லியத்துக்கு உத்தரவாதமுள்ள மிகக் குறைந்த ஓட்டம் கிடைக்கும். ஆர் 80 என்றால் மணிக்கு சுமார் 31 லிட்டர், ஆர் 160 என்றால் சுமார் 16 லிட்டர். சக்கரம் அதற்கும் குறைவான ஓட்டத்திலேயே நகரத் தொடங்கும்.

பைப் 25 மி.மீ. என்பதால் மீட்டரையும் பெரிதாகப் போட வேண்டும் என்று ஹார்ட்வேர் கடையில் சொல்வார்கள். தேவையில்லை. நிமிடத்துக்கு 40 லிட்டருக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு 15 மி.மீ. மீட்டர் போதும். பெரிய மீட்டர் சிறிய கசிவை உணராது. பிஸ்டன் வகை மீட்டர் இன்னும் நுட்பமானது, ஆனால் மணல் ஒரு துகள் புகுந்தாலும் நின்றுவிடும். அடிக்கடி தண்ணீர் தடைபட்டு, திரும்ப வரும்போது கலங்கலாக வரும் இடங்களுக்கு மல்டி ஜெட்தான் சரி. எதைப் போட்டாலும் முன்னால் ஒரு ஒய் வடிகட்டி (ஒய் எழுத்து வடிவில் மணலைப் பிடிக்கும் வடிகட்டி) வையுங்கள்.

எங்கே பொருத்துவது

தண்ணீர் நிறுவனத்தின் மீட்டரிலும் அதன் முத்திரையிலும் கை வைக்கக் கூடாது. அது குற்றம். அந்த மீட்டரைத் தாண்டி, நம் எல்லைக்குள், அரை மீட்டர் தள்ளி நம் மீட்டரைப் படுக்கை வாக்கில், முகப்பு மேலே பார்க்கும்படி வையுங்கள். வரிசை இப்படி: பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பி மூடும் வால்வு), ஒய் வடிகட்டி, மீட்டர், நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைத் திரும்பிப் போக விடாதது), மீண்டும் ஒரு பால் வால்வு. பொருத்தும் முன் பைப்பைத் திறந்துவிட்டு ஓரிரு நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். வெட்டிய பிளாஸ்டிக் துருவல் முழுவதும் வெளியேறிவிடும்.

நான்-ரிட்டர்ன் வால்வைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். ரோட்டுக் குழாயில் அழுத்தம் ஏறி இறங்கும்போது தண்ணீர் முன்னும் பின்னும் சற்று ஆடும். மீட்டருக்குள் இருக்கும் காந்தம் சுவிட்சின் விளிம்பில் நின்றிருந்தால், ஒரு சொட்டு ஓடாமலே பல்ஸ் பல்ஸாக எண்ணும். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் பொய் எச்சரிக்கைகளில் பல இதனால் வருபவை.

இரண்டாவது மீட்டருக்குக் காசு இருந்தால் தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் பைப்பில் வையுங்கள். அது வந்தால் விஷயம் தெளிவாகிவிடும். கொட்டகைக்கும் பாத்திக்கும் போகும் கிளைகள் தொட்டிக்கு முன்னால் பிரிந்தால், அவற்றை மூடி வைத்து ஒரு வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டருக்கும் வித்தியாசம் நீடித்தால், நடுவில் உள்ள நிலத்தடிப் பைப்போ தொட்டியின் மிதவை வால்வோ ஒழுகுகிறது. ஒவ்வொரு மீட்டரும் இரண்டு சதவீதம் கூடக் குறையக் காட்டலாம், ஆகவே நான்கு சதவீதத்துக்கு உட்பட்ட வித்தியாசத்தை வைத்து மண்ணைத் தோண்ட வேண்டாம்.

பல்ஸிலிருந்து எண்ணுக்கு

மீட்டரின் பல்ஸ் வயர் இரண்டும் ஒரு சிறிய ரீட் சுவிட்ச். காந்தம் அருகில் வந்தால் மூடும், விலகினால் திறக்கும். இதை ஈ.எஸ்.பி. 32 வகைப் பலகை (புரோகிராம் எழுதக்கூடிய சிறிய கணினிப் பலகை) ஒன்று எண்ணும். ஒரு வயரை கிரவுண்டில் கொடுங்கள். மற்றதை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இன்புட் முனைக்குக் கொடுங்கள். அந்த முனையிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 1 மெகா ஓம், கிரவுண்டுக்கு 100 நானோ ஃபாரட் கப்பாசிட்டர். பலகைக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை (இன்புட்டை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைப்பது) அணைத்துவிடுங்கள். அது சுமார் 45 கிலோ ஓம் மட்டுமே, காந்தம் சுவிட்சுக்கு நேராக நின்றுவிடும் ராத்திரிகளில் பேட்டரியைத் தொடர்ந்து குடிக்கும்.

புரோகிராமில் பலர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. இன்புட் வோல்ட்டேஜ் தாழும்போது, அதாவது சுவிட்ச் மூடியிருக்கும்போது, பலகை விழிக்கும்படி எழுதியிருந்தால், காந்தம் அங்கேயே நிற்கும்போது தூங்கப் போன பலகை உடனே விழிக்கும், மறுபடி தூங்கும், மறுபடி விழிக்கும். பேட்டரி இரண்டே நாளில் காலி. விழித்ததும் அடுத்த விழிப்பை எதிர்நிலைக்கு மாற்றி வையுங்கள். சுவிட்ச் மூடித் திறந்து ஒரு சுற்று முடிந்த பிறகே ஒரு லிட்டர் என்று எண்ணுங்கள்.

அனுப்பும் செய்தியில் ‘பத்து நிமிடத்தில் எத்தனை லிட்டர்’ என்று அனுப்பாமல் மொத்த எண்ணிக்கையையே அனுப்புங்கள். நடுவில் இரண்டு செய்தி காற்றில் தொலைந்தாலும் தண்ணீர்க் கணக்கு தொலையாது. கூடவே பேட்டரி வோல்ட்டேஜும், கடைசிப் பல்ஸ் வந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதும் போகட்டும். எண்ணிக்கையை மணிக்கு ஒரு முறை நிரந்தர நினைவகத்தில் எழுதினால் போதும். லிட்டருக்கு ஒரு முறை எழுதினால் நினைவகம் தேய்ந்துவிடும்.

வீடு வரை கொண்டு வருவது

வீட்டு வைஃபை மீட்டர் வரை எட்டினால் வேறு எதுவும் யோசிக்க வேண்டாம், அதையே பயன்படுத்துங்கள். எட்டாவிட்டால் வயர் இழுக்கத் தோன்றும். நம் ஊர் இடிக்கு நூறு மீட்டர் வயர் ஆண்டெனா ஆகிவிடும், இரண்டு முனையிலும் உள்ள பலகை ஒரே மின்னலில் கருகும். லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் தூரம் வரை சிறு செய்தி அனுப்புவது) உள்ள பலகைகளை வாங்குங்கள், ஒன்று மீட்டரிடம், ஒன்று வீட்டுக்குள். மலேசியாவில் 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமையுங்கள், ஆண்டெனாவும் அதற்குரியதாக இருக்கட்டும். ஆண்டெனா மாட்டாமல் பலகைக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது, ரேடியோ சில்லு கெட்டுவிடும்.

செம்பனை மட்டையும் ஈர இலையும் அலையை நன்றாக விழுங்கும். மீட்டர் குழிக்குள் ஆண்டெனாவை வைத்தால் மழை நாளில் செய்தி வராது. ஒரு பி.வி.சி. குழாயை நட்டு, ஆண்டெனாவை இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்குங்கள். இரும்புப் பெட்டி வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டியின் வயர் நுழையும் துளையைக் கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் எறும்பு கூடு கட்டும். சிலிக்கான் பூசினால் வினிகர் வாடை வராத வகையைப் பூசுங்கள். வாடை வரும் வகை செம்பை அரிக்கும்.

மர நிழலில் சோலார் தட்டு வீண். 3,000 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் செல் ஒன்று, சராசரி மின்னோட்டம் 0.5 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால், சுமார் ஆறு மாதம் தாங்கும். பொருத்தும் முன் தூங்கும் நிலையில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். சில பலகைகளில் ஓயாமல் எரியும் சிறு விளக்கே அதைவிட அதிகம் தின்னும்.

வீட்டில் இணையம் இல்லையென்றால் சிம் கார்டு பலகை. மலேசியாவில் 3ஜி சேவை 2021 கடைசியோடு மூடப்பட்டது, ஆகவே 4ஜி பலகையாகப் பார்த்து வாங்குங்கள். பிரிபெய்ட் சிம்மின் காலாவதித் தேதியையும் குறித்து வையுங்கள். வீட்டுப் பலகை எச்சரிக்கையை டெலிகிராம் பாட் (டெலிகிராம் செயலியில் தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) மூலம் அனுப்பும். மின்சாரம் போனாலும் ஓட, ரௌட்டருக்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்று இருக்கட்டும்.

எச்சரிக்கை விதிகள்

முதல் ஒரு வாரம் எந்த எச்சரிக்கையும் வைக்காமல் எண்களைச் சேருங்கள். பிறகு நான்கு விதி.

24 மணி நேரத்தில் ஒரு முறைகூட 30 நிமிடம் தொடர்ந்து பல்ஸ் நிற்கவில்லை என்றால் மெதுவான கசிவு. மணிக்கு 10 லிட்டர் கசிந்தால் ஆறு நிமிடத்துக்கு ஒரு பல்ஸ் வரும், ஆகவே முப்பது நிமிட அமைதி நம்பகமானது. அந்த வாரத்தின் உச்ச ஓட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, இருபது நிமிடம் நீடித்தால் பைப் உடைந்திருக்கிறது. நாற்பது நிமிடமாகச் செய்தியே வராவிட்டால் கருவியைப் பாருங்கள். வீட்டில் ஆள் இருந்தும் ஒரு நாள் முழுக்கப் பூஜ்யம் என்றால் வயர் அறுந்திருக்கலாம், மீட்டர் சிக்கியிருக்கலாம். பலரும் கடைசி இரண்டை விட்டுவிடுகிறார்கள். செத்துப்போன கருவியும் கசிவில்லாத குழாயும் கைப்பேசியில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தண்ணீர் தடை முடிந்து திரும்ப வரும்போது பைப்பில் இருக்கும் காற்று மீட்டரை வேகமாகச் சுற்றும். பைப் உடைந்தது போல எச்சரிக்கை வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். பகலில் அழுத்தம் குறைவாக உள்ள பகுதிகளில் தொட்டி ராத்திரியில்தான் நிரம்பும். அங்கே ரோட்டோர மீட்டர் விடியும் வரை ஓடுவது இயல்பு. முப்பது நிமிட அமைதியை அதிகாலையில் மட்டும் தேடாமல் 24 மணி நேரத்துக்குள் எப்போது வந்தாலும் ஏற்கச் சொல்வது இதனால்தான்.

எச்சரிக்கை வந்த பிறகு

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பால் வால்வு இருக்க வேண்டும். முதலில் தொட்டிக்கு ஏறும் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். பல்ஸ் நின்றால் கோளாறு தொட்டியிலோ வீட்டிலோ. மிதவை வால்வையும், வழிந்தோடும் குழாய் ஈரமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபிளஷ் டேங்கில் உணவுச் சாயம் நாலு சொட்டு விட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். பல்ஸ் நிற்கவில்லை என்றால் கொட்டகைக் கிளை, பாத்திக் கிளை என ஒவ்வொன்றாக மூடுங்கள். எல்லாவற்றையும் மூடிய பின்னும் ஓடினால் ரோட்டிலிருந்து வரும் நீண்ட பைப்பேதான். தோண்டும்போது இணைப்புகளிலிருந்து தொடங்குங்கள், பாலி பைப் பெரும்பாலும் அங்கேதான் விடும்.

அழுத்தமானி வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒன்று: இரு முனையும் மூடிய பாலி பைப்பில் முதல் அரை மணி நேரம் அழுத்தம் தானாகவே சற்று இறங்கும், பைப் கொஞ்சம் விரிவதால். அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகும் ஒரே சீராக இறங்கிக்கொண்டே போனால் கசிவு.

தூரத்திலிருந்தே தண்ணீரை நிறுத்த விரும்பினால், 12 வோல்ட் மோட்டார் பால் வால்வு போடுங்கள், சொலினாய்டு (மின்காந்த) வால்வு வேண்டாம். சொலினாய்டு சட்டென்று மூடிப் பைப்பை அதிரவைக்கும், மண் புகுந்தால் முழுதாக மூடாது. மோட்டார் வால்வை மாதம் ஒரு முறை மூடித் திறக்கும்படி அமையுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பும் மண்ணும் படிந்து தேவைப்படும் நாளில் அசையாது. ஆடு மாடு உள்ள இடத்தில் அது தானாக மூடும்படி விடாதீர்கள். எச்சரிக்கையைப் பார்த்து ஆள்தான் மூட வேண்டும். வால்வைச் சுற்றிக் கையால் திறக்கும் மாற்றுப் பைப் ஒன்றும் கட்டாயம் வேண்டும். மின்சாரம் போன நாளிலும் கொட்டகைத் தொட்டி நிரம்பியாக வேண்டும்.